பத்து மாத்திரையும் ஒரு பழைய பதிவேடும்

பிப்ரவரி 3, திங்கள், மாலை 6.30

சீட்டைப் பின்னால் தள்ளினால் கால் பிரேக்குக்கு எட்டவில்லை. முன்னால் இழுத்தால் வயிறு டாஷ்போர்டில் இடிக்கிறது. டிரைவிங் ஸ்கூல் காரில் பயிற்சியாளருக்கென்று இடது பக்கம் ஒரு தனி பிரேக் உண்டு. அதைக் கண்டுபிடித்தவன் ஆறரை மாத வயிற்றைப் பற்றிக் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

வீட்டில் புலம்பியதைக் கேட்டு என் வீட்டுக்காரர் ஒரு மரக்கட்டையை மூன்று அங்குலத்துக்குச் செதுக்கி, ரப்பர் ஒட்டி, பெடலில் இறுக்கிக் கட்டிக்கொடுத்துவிட்டார். அவர் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் குறைக்கும் அவரிடம் ஒரு ஸ்பேனர் பதில் இருக்கும். கட்டை கனகச்சிதம். வாய்விட்டுப் பாராட்டவில்லை, தலைக்கு மேலே ஏறிக்கொள்வார்.

இன்றைய நாளின் கடைசி வகுப்பு வாத்தியாருக்கு. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், வயது அறுபத்திரண்டு. இனி ஸ்கூட்டரின் பின்னால் உட்கார முடியாது என்று மனைவி கறாராகச் சொல்லிவிட்டதால் கார் கற்க வந்திருக்கிறார். நாற்சந்தி வந்தால் போதும், நட்டநடுவில் நிறுத்திவிட்டு இடது, வலது, மறுபடி இடது என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்.

"சார், போறதுன்னா போங்க. நிக்கிறதுன்னா கோட்டுக்கு இந்தப் பக்கமே நில்லுங்க. நடுவுல மட்டும் நிக்காதீங்க."

"யோசிச்சு முடிவு பண்ணலாம்னு பாத்தேன் டீச்சர்."

"பின்னாடி இருக்கற பஸ்காரர் நம்மளப் பத்தி ஒரு முடிவுக்கு வந்துட்டார் சார்."

அதற்கப்புறம் மூன்று தும்மல். கண்ணாடியெல்லாம் ஏற்றியிருந்த காரில், சத்தமாக, வாயை மூடாமல். என்ன நடந்தாலும் இரண்டு கையும் ஸ்டீயரிங்கை விடக்கூடாது என்று முதல் நாளே நான்தான் மிரட்டி வைத்திருந்தேன். சொன்னதை அப்படியே கேட்கிற மாணவர் எனக்கு இவர் ஒருவர்தான்.

பிப்ரவரி 4, செவ்வாய், காலை 9.00

வாத்தியார் இன்று வரமாட்டாராம். அவர் மனைவி போன் செய்தார். "அவருக்கு நல்ல காய்ச்சல்மா. உங்களுக்கு ஒண்ணுமில்லையே?" ஒன்றுமில்லை என்றேன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல்.

பிப்ரவரி 5, புதன், மாலை 5.15

ஒன்று இருக்கிறது.

மதியம் தொண்டை கரகரத்தது. ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்தபோது முதுகு, முட்டி, கண்ணுக்குப் பின்னால் என்று யாரோ வரிசையாக ஆணி அடித்துக்கொண்டு வருகிறார்கள். தெர்மாமீட்டர் நூற்றொன்று. உள்ளே இருக்கும் ஆள் மட்டும் வழக்கம்போல் உதைத்துக்கொண்டிருக்கிறாள் அல்லது உதைத்துக்கொண்டிருக்கிறான்.

டிசம்பரில் டாக்டரம்மா, "ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கறீங்களா?" என்று கேட்டார். "அப்புறம் பாத்துக்கலாம் டாக்டர்" என்றேன். அந்த அப்புறம் இப்போது வந்திருக்கிறது.

மறக்காமல் இருக்க: காய்ச்சல் ஆரம்பம் 5.00.

இந்த நோட்டில் நான்கு கட்டம் உண்டு. தேதி, நேரம், பயிற்சி, தவறு. மாணவர்களுக்காக அச்சடித்த பயிற்சிப் பதிவேடு. முதலாளி அட்டையில் போன் நம்பரைத் தப்பாகப் போட்டுவிட்டதால் ஒரு கட்டு முழுக்க என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. மூன்று வருடமாக என் நாட்குறிப்பு இதில்தான். மற்ற கட்டங்களை மதிக்காமல் குறுக்கே எழுதுவேன். நேரத்தை மட்டும் விடமாட்டேன், தொழில் புத்தி.

பிப்ரவரி 6, வியாழன், காலை 11.40

மூக்கில் குச்சியை விட்டு மூளையை ஒரு தட்டு தட்டிவிட்டு எடுத்தார்கள். அரை மணி நேரத்தில் முடிவு.

"இன்ஃப்ளூயன்சா. உங்க வாத்தியார் நல்லாத்தான் பாடம் எடுத்திருக்கார்" என்றார் டாக்டரம்மா. இந்த அம்மாவுக்கு வாய் அதிகம். எனக்குப் பிடிக்கும்.

வைரஸுக்கு ஒரு காப்சூல் எழுதினார். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, ஐந்து நாள். மொத்தம் பத்து. காய்ச்சலுக்குத் தனியாகப் பாராசிட்டமால்.

"காய்ச்சல் ஆரம்பிச்சு ரெண்டு நாளைக்குள்ள இத ஆரம்பிக்கணும். இன்னைக்கே ஆரம்பிச்சா இன்னும் நல்லது. கர்ப்பமா இருக்கறப்போ இந்த ஃப்ளூ நுரையீரலுக்கு எறங்கற வாய்ப்பு ஜாஸ்தி."

"குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதே?"

"நெறைய கர்ப்பிணிங்க சாப்பிட்டிருக்காங்க. குழந்தைக்குக் கெடுதல்னு எதுவும் தெரியவரல. நூத்துக்கு நூறுன்னு எந்த மாத்திரைக்கும் நான் எழுதிக் குடுக்க மாட்டேன். ஆனா எனக்கு பயம் இந்தக் காய்ச்சல் மேலதான், மாத்திரை மேல இல்ல."

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் அவர் வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டார். இதற்கு முன் ஏதாவது மாத்திரையால் பிரச்சினை வந்திருக்கிறதா?

வந்திருக்கிறது என்றேன். முதல் குழந்தை. ஒன்பதாவது வாரம். தலைவலி மாத்திரை ஒன்று.

அவர் பேனாவை மூடினார். அப்போது நான் வேறு டாக்டரிடம் போய்க்கொண்டிருந்தேன், அதனால் இவருக்கு இந்தக் கதை தெரியாது. "ஒரு மாத்திரையால கலைஞ்சதுன்னு அவ்வளவு சுலபமா சொல்லிட முடியாதும்மா. என்ன மாத்திரை அது?"

பெயர் ஞாபகம் இல்லை. பழைய பதிவேட்டில் எழுதியிருப்பேன் என்றேன்.

"பாத்துச் சொல்லுங்க. ஆனா அதுக்காக இத நிறுத்தி வெக்காதீங்க."

சரி டாக்டர் என்று மாடு மாதிரித் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

அதே நாள், மதியம் 1.20

மருந்துக்கடைக்காரர் சீட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பார்வை இறங்கி வயிற்றில் நின்றது.

"மாத்திரை யாருக்குங்க?"

"எனக்குத்தான்."

"டாக்டர்கிட்ட கேட்டுட்டீங்களா?"

"சீட்டுல இருக்கறது யார் கையெழுத்துன்னு நெனச்சீங்க?"

"இல்ல, எதுக்கும் இன்னொரு தடவ கேட்டுக்கோங்க."

எதுக்கும். இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எத்தனை பேர் எத்தனை பேரைக் கொல்கிறார்கள். மாத்திரையை வாங்கி வந்து சாப்பாட்டு மேசை மேல் வைத்திருக்கிறேன். இன்னும் பிரிக்கவில்லை.

அதே நாள், மாலை 4.30

பிரித்தேன். உள்ளே இருந்த காகிதத்தை விரித்தால் மேசை முழுவதும் மூடிக்கொண்டது. வாந்தி, குமட்டல், தலைவலி, அரிதாக இது, மிக அரிதாக அது. கர்ப்பிணிகள் மருத்துவரின் ஆலோசனையின்றிப் பயன்படுத்தக் கூடாது. போன மாதம் வாங்கிய இருமல் மிட்டாயிலும் இதே வரிதான் இருந்தது. ஆனால் அதை அன்று நான் ஒரு தடவைக்கு மேல் படிக்கவில்லையே.

அந்தக் கதையை எழுதிவிடுகிறேன். போன அக்டோபருக்கு முந்தின அக்டோபர். புதன்கிழமை தலைவலிக்கு ஒரு மாத்திரை போட்டேன். வியாழக்கிழமை ஸ்கேனில் துடிப்பு இல்லை. அவ்வளவுதான் கதை. பதினாறு மாதமாக இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதற்கப்புறம் எந்தத் தலைவலிக்கும் நான் மாத்திரை போட்டதில்லை. ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

என் மாமியார் அந்த மாத்திரையைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. முப்பது வருடம் ரயில்வே டிக்கெட் கவுண்டரில் இருந்தவர். கேட்டதற்குப் பதில், மீதிச் சில்லறை, அடுத்த ஆள். அதற்கு மேல் வாயைத் திறக்கமாட்டார். ஆனால் ஒரு மனுஷி பதினாறு மாதம் ஒரு விஷயத்தைப் பேசாமல் இருந்தால் என்ன அர்த்தம்? எனக்குத் தெரியும் என்ன அர்த்தம்.

இன்றும் வந்து நின்றார். காகிதத்தைப் பார்த்தார். மாத்திரை அட்டையைப் பார்த்தார். கஞ்சி வைத்துவிட்டுப் போய்விட்டார். வாயைத் திறந்து "சாப்பிடாதே"ன்னு சொல்லிட்டாத்தான் என்னவாம்? குத்தறதுன்னா நேரா குத்தணும்.

அதே நாள், மாலை 7.30

நூற்றிரண்டரை. இருமல் நெஞ்சைப் பிறாண்டுகிறது. மெக்கானிக்குடன் சண்டை.

வேலையிலிருந்து வந்ததும் காகிதத்தை எடுத்து லிஃப்ட் மேனுவல் மாதிரி முதல் வரியிலிருந்து சத்தமாகப் படித்தார். மடித்து வைத்தார். மறுபடி விரித்தார். அப்புறம் ரொம்பப் பெருந்தன்மையாக ஒரு வசனம்.

"உன் உடம்பு. நீ என்ன முடிவு பண்றியோ அதான்."

எங்கிருந்துதான் எனக்கு அவ்வளவு குரல் வந்ததோ தெரியவில்லை, தொண்டையே இல்லாத நேரத்தில். "நல்லதா முடிஞ்சா நம்ம முடிவு, கெட்டதா முடிஞ்சா என் முடிவு, அப்படித்தானே? போன தடவை மாதிரி?"

"போன தடவை நான் ஏதாவது சொன்னேனா?"

"அதத்தான் சொல்றேன். இந்த வீட்டுல ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டீங்க."

அவர் பால்கனிக்குப் போய்விட்டார். நான் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒன்றைப் பிதுக்கி எடுக்க வேண்டியதுதான் பாக்கி. எடுத்தால் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ? எடுக்காமல் நுரையீரலில் இறங்கினால் குழந்தை எங்கே, நான் எங்கே? இரண்டு தடவை எழுந்துபோய்க் குப்பைக்கூடையைப் பார்த்துவிட்டு வந்தேன். வாத்தியாரை எத்தனை திட்டு திட்டியிருப்பேன். நாற்சந்தி நடுவில் இப்போது நான் நிற்கிறேன், அவரை விட மோசமாக.

ஒரு பாராசிட்டமால் மட்டும் போட்டுக்கொண்டேன். அதுவும் இருபது நிமிடம் யோசித்து.

பிப்ரவரி 7, வெள்ளி, காலை 6.50

மாத்திரை அட்டையைக் காணோம்.

மேசை மேல் காகிதம் இருக்கிறது, அட்டை இல்லை. மெக்கானிக் சத்தியம் பண்ணுகிறார். வீட்டில் மூன்று பேர். நான் எடுக்கவில்லை, அவர் எடுக்கவில்லை. அத்தை குளித்துக்கொண்டிருக்கிறார். அத்தையின் அறையில் பீரோ பூட்டியிருக்கிறது.

ஆக, கடைசியில் பேசிவிட்டார். வாயால் இல்லாமல் பூட்டுச் சாவியால்.

கொதிக்கிறது. ஆனால் பொய் எழுதி என்ன பயன், இந்த நோட்டை வேறு யார் படிக்கப்போகிறார்கள்? கோபத்தோடு ஒரு நிம்மதியும் வந்தது. அப்பாடா, வேறு யாரோ முடிவு எடுத்துவிட்டார்கள் என்று. அந்த நிம்மதியை நினைத்தால்தான் வெட்கமாக இருக்கிறது.

இதை இப்படி விடக்கூடாது. பழைய பதிவேட்டைத் தேடி எடுத்து, மாத்திரைப் பெயரைப் பார்த்து, டாக்டருக்குச் சொல்லிவிட்டு, அப்புறம் அத்தையோடு ஒரு கை பார்க்கிறேன்.

அதே நாள், காலை 9.35

கட்டில் பெட்டிக்குள், பழைய தலையணை உறைகளுக்கு அடியில் இருந்தது. அப்படியே இங்கே எழுதுகிறேன். என் கையெழுத்துதான், சந்தேகமே இல்லை.

"அக். 10, செவ்வாய், 12.10. மதிய வகுப்பு ரத்து. ஸ்கேன் சென்டர் வாசலிலேயே வண்டி நின்றது, வியாழன் வரை பொறுக்க முடியவில்லை, உள்ளே போய்விட்டேன். துடிப்பு தெரியவில்லை என்கிறார் ஸ்கேன் எடுத்த பெண். வியாழனன்று எப்படியும் வருவீர்களே, அன்று டாக்டர் பார்த்து உறுதி செய்வார் என்கிறார். யாரிடமும் சொல்லப்போவதில்லை. வியாழன் வரை என் வீட்டுக்காரர் சந்தோஷமாக இருக்கட்டும்."

"அக். 11, புதன், காலை 7.45. நேற்றிலிருந்து குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுது அழுது மண்டை பிளக்கிறது. தலைவலி மாத்திரை ஒன்று போட்டேன்."

செவ்வாய்க்கிழமை.

செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டு பத்து. மாத்திரை புதன்கிழமை காலை ஏழே முக்கால். நேரத்தோடு எழுதி வைத்திருக்கிறேன் பாவி. தலைவலி வந்ததே அழுததால். அழுததே துடிப்பு இல்லை என்றதால். அந்த மாத்திரை வயிற்றுக்குள் போனபோது அங்கே—

அங்க ஒண்ணுமே இல்லையே. ஏற்கெனவே போயிருச்சே. எப்படி மறந்தேன்? ஒரு மனுஷிக்கு இது எப்படி மறக்கும்?

அதே நாள், காலை 10.15

மறக்கவில்லை. மாற்றிக்கொண்டேன். மெல்ல மெல்ல ஞாபகம் வருகிறது.

வியாழக்கிழமை மெக்கானிக் என் கையைப் பிடித்துக்கொண்டு ஸ்கேன் அறையில் நின்றார். டாக்டர் சொன்னபோது நானும் அப்போதுதான் கேள்விப்பட்ட மாதிரி அழுதேன். அழுகை நிஜம், முகம்தான் பொய். வீட்டுக்கு வந்ததும் அத்தை கேட்டார், "என்னம்மா ஆச்சு, நேத்துக் கூட நல்லாத்தானே இருந்த?" எனக்கு வாயில் ஏதாவது ஒரு பதில் வேண்டியிருந்தது. "நேத்து தலைவலிக்கு ஒரு மாத்திரை போட்டேன் அத்தை, அதனாலதான்" என்றேன். செவ்வாய்க்கிழமையை மறைக்கப் புதன்கிழமையைக் கொடுத்தேன். இரண்டு நாள் தனியாக வைத்திருந்தேன் என்று எப்படிச் சொல்வது? அப்புறம் அதையே ஒவ்வொருவரிடமும் சொன்னேன். சொல்லிச் சொல்லி நானும் நம்பிவிட்டேன்.

கதையைக் கட்டியது நான். அத்தை என்னைப் பழிக்கிறார் என்று முடிவு கட்டியதும் நான். நல்ல மருமகள்.

அதே நாள், காலை 11.00

பதிவேட்டை எடுத்துக்கொண்டு அத்தையின் அறைக்குப் போனேன். மெக்கானிக் அங்கேயே இருந்தார், பூட்டுக்கு எண்ணெய் போடுகிற சாக்கில் அம்மாவை விசாரித்துக்கொண்டு. அத்தை என்னைப் பார்த்ததும் பீரோவைத் திறந்து மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார். பத்தும் அப்படியே இருந்தது.

"நேத்து நீ ரெண்டு தடவ குப்பைக்கூடைய எட்டிப் பாத்தம்மா. தூக்கிப் போட்டுருவியோன்னு பயமா இருந்துச்சு. அதான் எடுத்துப் பூட்டி வெச்சேன்."

"நான் சாப்பிடக் கூடாதுன்னு இல்லையா அத்தை?"

"டாக்டர் எழுதிக் குடுத்தத நான் ஏன் வேண்டாங்கப்போறேன்? கொஞ்ச நேரத்துல நானே குடுக்கலாம்னுதான் இருந்தேன். நீ அதுக்குள்ள முறைச்சுக்கிட்டு வந்து நிக்கிற."

பதினாறு மாதக் கேள்வியைக் கேட்டேவிட்டேன். "போன தடவ ஒரு வார்த்தையாவது திட்டியிருக்கலாம்ல நீங்க?"

"எதுக்குத் திட்டணும்? மாத்திரைதான் காரணம்னு நீதான் சொன்ன. எனக்கு அப்பவே அது சரியாப் படல. ஆனா ஏதோ ஒண்ணப் புடிச்சுக்கிட்டு நிக்கறவ கையிலேர்ந்து அதையும் எதுக்குப் புடுங்கணும்னு விட்டுட்டேன்."

கவுண்டரில் இருந்த முப்பது வருடத்தில் கூட இவ்வளவு நீளமாக யாருக்கும் பதில் சொல்லியிருக்கமாட்டார்.

பதிவேட்டை மெக்கானிக்கிடம் கொடுத்தேன். அக்டோபர் பத்தாம் பக்கம். நின்றபடியே படித்தார். கட்டிலில் உட்கார்ந்து மறுபடி படித்தார்.

"வியாழக்கிழமைக்கு முன்னாடியே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"செவ்வாய், புதன் ரெண்டு நாளும் எனக்கு சாப்பாடு போட்ட. கூட உக்காந்து டிவி பாத்த."

"ஆமா."

அவர் பதிவேட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார். முகத்தைப் பார்க்க முடியவில்லை எனக்கு. காய்ச்சலில் அடித்துக்கொள்கிற பல்லை வைத்துக்கொண்டு மன்னிப்பு கேட்பதும் சுலபமில்லை. கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். அது சரி என்பதா, இப்போது வேண்டாம் என்பதா, தெரியவில்லை.

எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தவரும் அவர்தான். "மொதல்ல இதப் போடு. நாம போடறோம்னு வெச்சுக்கோ. என் முடிவும்தான்."

இனி எந்தக் காலத்திலும் எனக்கு நானே கதை மாற்றிச் சொல்லாமல் இருப்பதற்காக எழுதி வைக்கிறேன்: முதல் காப்சூல், பிப்ரவரி 7, வெள்ளிக்கிழமை, காலை 10.50. காய்ச்சல் ஆரம்பித்து நாற்பத்திரண்டு மணி நேரத்துக்குப் பத்து நிமிடம் குறைவு. போடும்போது உள்ளே ஒரு உதை.

அதே நாள், மாலை 4.00

டாக்டரம்மாவுக்குப் போன் செய்து முழுக் கதையும் சொன்னேன். முழுதும் கேட்டுக்கொண்டார். அப்புறம், "அப்போ அந்தத் தலைவலி மாத்திரை மேல போட்ட கேஸ வாபஸ் வாங்கிடலாமா?" என்றார். சிரிக்கப்போய் இருமலாக முடிந்தது. நேற்றே ஏன் ஆரம்பிக்கவில்லை என்று அதற்கப்புறம் திட்டினார், நன்றாகவே. மூச்சு வாங்கினாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ போன் கூடப் பண்ண வேண்டாம், நேரே கிளம்பி வந்துவிடுங்கள் என்றார்.

மெக்கானிக் வேலைக்குப் போகவில்லை. பேசவும் இல்லை. ஒரு மணிக்கு ஒரு தடவை தெர்மாமீட்டரை நீட்டுகிறார்.

பிப்ரவரி 8, சனி, காலை 8.30

மூன்றாவது காப்சூல். வெறும் வயிற்றில் போட்டுவிட்டு ஐந்து நிமிடத்தில் குமட்டல். வாஷ்பேசினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். வெளியே வரவில்லை. நாலணா மாத்திரைக்காக இவ்வளவு பிரார்த்தனை நான் செய்ததில்லை. இனி இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுத்தான் போட வேண்டும்.

நூற்றொன்று.

பிப்ரவரி 9, ஞாயிறு, மாலை 5.40

தொண்ணூற்றொன்பது. கால் தரையில் படுகிறது. உள்ளே இருக்கும் ஆள் இன்று பந்தாட்டம்.

மெக்கானிக் இரண்டு நாளுக்கப்புறம் வாயைத் திறந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"லிஃப்ட்ல மாட்டிக்கிறவங்க எல்லாம் ஒரே மாதிரிதான் சொல்வாங்க. வெளிய ஒருத்தன் குரல் கேட்டாப் போதும், பயம் போயிருச்சும்பாங்க. கதவு தொறக்கவே வேணாம். நீ ரெண்டு நாள் உள்ள மாட்டிக்கிட்டு இருந்திருக்க, நான் பக்கத்து அறையில டிவி பாத்திருக்கேன். அதான் ஆறல எனக்கு. கோவம் எல்லாம் இல்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கும். அத்தை கஞ்சியோடு உள்ளே வந்தார், எங்கள் இருவரையும் பார்த்தார், கஞ்சியோடு திரும்பிப் போய்விட்டார்.

"இன்னொரு தடவ எங்கயாவது தனியா ஸ்கேனுக்குப் போன, வண்டிச் சாவிய ஒளிச்சு வெச்சுருவேன்" என்றார்.

"உங்க அம்மா மாதிரி பீரோவுல வெச்சுப் பூட்டுங்க."

பிப்ரவரி 11, செவ்வாய், மாலை 7.15

பத்தாவது காப்சூல். அட்டையில் பத்து ஓட்டை. அத்தை அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் குப்பைக்கூடையில் போட்டார். என் மேல் அவ்வளவு நம்பிக்கை.

பிப்ரவரி 24, திங்கள், மாலை 6.00

வேலைக்குத் திரும்பினேன். வாத்தியாரும் வந்தார், முகக்கவசம் போட்டுக்கொண்டு. கதவைத் திறப்பதற்கு முன்பே மன்னிப்பு.

"டீச்சர், அன்னைக்குத் தும்மினது என் தப்புதான். ஆனா கைய எடுக்கக் கூடாதுன்னு நீங்க—"

"சார், இன்னைக்கு மொதல் பாடமே அதான். தும்மல் வந்தா ஓரமா நிறுத்துங்க, கைய எடுங்க, வாய மூடுங்க."

நாற்சந்தி. மனிதர் கோட்டுக்கு முன்னால் நின்றார், பார்த்தார், கிளம்பினார், தயங்காமல் போனார். நடுவில் நிற்கவே இல்லை. நான்தான் பழக்கத்தில் கட்டையை மிதித்து வண்டியை நடுச்சந்தியில் நிறுத்திவிட்டேன். பின்னால் பஸ் ஹாரன். வாத்தியார் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை மறக்க ரொம்ப நாளாகும்.

ஏப்ரல் 2, புதன்

இன்றோடு வேலைக்கு லீவு. பெடலில் இருந்த கட்டையை மெக்கானிக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டார். பால்கனிக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க அதை முட்டுக் கொடுத்திருக்கிறார்.

மே 19, திங்கள், காலை 11.15

ஒன்பது நாள் ஆகிறது. பெண். மூன்று கிலோவுக்கு நூறு கிராம் குறைவு. அழுகிற குரலில் மட்டும் குறைவில்லை, பஸ் ஹாரனே தோற்கும். இத்தனை நாள் பேனாவைத் தொட நேரமில்லை. இப்போதும் ஒரு கையால்தான் எழுதுகிறேன்.

காலையில் அத்தையின் தங்கை பார்க்க வந்தார். துணி மாற்றும்போது குழந்தையின் பின்பக்கத்தில் இருக்கும் பழுப்பு மச்சத்தைப் பார்த்துவிட்டார். முகம் மாறியது.

"வயித்துல இருக்கறப்போ ஏதோ பவரான மாத்திரை எல்லாம் சாப்பிட்டியாமே. எதுக்கும் டாக்டர்கிட்ட கேட்டுக்கோ."

எதுக்கும். குழந்தையை எடுத்து நெஞ்சோடு சாய்த்துக்கொண்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை டிக்கெட் கவுண்டர் குரலில் பதில் சொல்லிவிட்டார்.

"என் வீட்டுக்காரருக்கும் அதே எடத்துல அதே அளவுல இருந்துச்சு. அவர் ஆயுசுக்கும் ஒரு மாத்திரை போட்டதில்ல."

அடுத்த ஆள். தங்கை காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். நானும் மெக்கானிக்கும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்கப் பட்ட பாடு. சிரித்ததில் தையல் வலிக்கிறது.

அதே நாள், மாலை 5.30

குழந்தையின் முதல் பரிசோதனைக்குப் போக வேண்டும் என்று ஃபைலைத் தேடியபோது பழைய பதிவேடு கையில் கிடைத்தது. அக்டோபர் பத்தாம் பக்கத்தில் ஒரு காகிதம் நீட்டிக்கொண்டிருந்தது. எடுத்துப் பார்த்தேன். அந்த நாளுக்கு நேராக, நான் காலியாக விட்டிருந்த 'தவறு' கட்டத்தில், பென்சிலில், மெக்கானிக்கின் கோழிக்கிறுக்கல்: "தனியாகப் போனது."

அவ்வளவுதான். அடுத்த நாள் கட்டத்தில், மாத்திரைக்கு நேராக, ஒரு கோடு போட்டிருந்தார். ஒன்றுமில்லை என்பதற்குப் போடுகிற கோடு. எப்போது எழுதினாரோ, கேட்கவில்லை. நீட்டிக்கொண்டிருந்த காகிதம் லிஃப்ட் கம்பெனி ரசீது, பக்கத்துக்கு அடையாளமாக வைத்திருக்கிறார்.

இன்றைய வரியை ஒழுங்காகக் கட்டத்துக்குள் எழுதுகிறேன், மூன்று வருடத்தில் முதல் தடவையாக.

தேதி: மே 19. நேரம்: 4.15. பயிற்சி: டாக்டரம்மாவிடம் மூன்று பேரும் போய் வந்தோம், எடை ஏறியிருக்கிறது, இதயத் துடிப்பு நன்றாக இருக்கிறது, எனக்கும் கேட்கக் கொடுத்தார். தவறு: டயப்பர் பையை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனது. அது என் தவறு இல்லை.